மூக்கு எப்படி ஓடும், டீச்சர்?

என்னிடம் கேள்வி கேட்டிருப்பவர் ஓர் ஆங்கில ஆசிரியை. எட்டாம் வகுப்பில் 'ரன்' என்றால் 'ஓடு' என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். மறுநாள் பாடத்தில் சளி பிடித்த ஒரு சிறுவனின் மூக்கு 'ரன்' ஆகிறது. உடனே ஒரு மாணவி எழுந்து, "மூக்கு எப்படி ஓடும், டீச்சர்?" என்று கேட்டுவிட்டாள். வகுப்பே சிரித்தது. அன்று இரவு அகராதியைத் தேடப் போன ஆசிரியைக்கு, இந்த ஒரு சொல்லுக்கு 645 பொருள்கள் இருப்பதாக ஒரு தகவல் கண்ணில் பட்டிருக்கிறது. "இது உண்மையா? உண்மை என்றால் எதைச் சொல்லிக்கொடுப்பது, எதை விடுவது?" என்பது அவர் கேள்வி.

உண்மைதான். ஆனால் அந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதே பிழைப்பாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்ட எனக்கு இந்தச் சொல்லோடு நிறையச் சண்டை நடந்திருக்கிறது. பெரும்பாலும் நான்தான் தோற்றிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 645. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் எந்தச் சொல்லுக்கு மிக நீண்ட பதிவு என்பது ஒரு பழைய பந்தயம். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற சொல்தான் முதலிடம். வினையாக மட்டும் அதற்கு சுமார் 430 பொருள்கள். அதை விளக்கவே ஏறத்தாழ 60,000 சொற்கள் பிடித்தன. ஒரு சிறு நாவலின் நீளம். மூன்றாம் பதிப்புக்கான திருத்த வேலை நடக்க நடக்க, 2000இல் 'மேக்' அதை முந்தியது, 2007இல் 'புட்', 2011இல் 'ரன்'. வினைச்சொல்லாக மட்டும் 645. அகராதியின் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த பீட்டர் கில்லிவர் என்பவர் இந்த ஒரே சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். பெயர்ச்சொல்லாக வரும் 'ரன்' இந்தக் கணக்கில் இல்லை. கிரிக்கெட் ரன் எல்லாம் அந்தப் பக்கம்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 645 என்பது அகராதிக்காரர்கள் போட்ட கூறுகளின் எண்ணிக்கை. ஒரு பலாப்பழத்தை எத்தனை துண்டாக வெட்டுவது என்பது வெட்டுகிறவர் கையில் இருக்கிறது. கப்பல் காற்றின் போக்கில் செல்வது ஒரு பொருள், மீன்கள் முட்டையிட ஆற்றில் ஏறுவது இன்னொரு பொருள், கொடி சுவரில் படர்வது வேறொரு பொருள் என்று நுணுக்கமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பழைய மேற்கோள் தேடி ஆண்டுவாரியாக அடுக்குவது அந்த அகராதியின் முறை. வகுப்புக்கு எடுத்துப்போகும் கையடக்க அகராதி அதே சொல்லைச் சில பத்து வரிகளில் முடித்துவிடும். இரண்டும் பொய் சொல்லவில்லை.

இப்போது மூக்குக்கு வருவோம். 'ரன்' என்றால் 'ஓடு' என்று சொல்லும்போது நம் கண்ணில் தெரிவது ஒரு மனிதனின் இரண்டு கால்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இந்தச் சொல்லின் வேரில் காலுக்கு எவ்வளவு பங்கோ தண்ணீருக்கும் அவ்வளவு பங்கு உண்டு. பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் 'ரின்னன்'. அதன் உறவுச்சொல்லான 'ரின்னென்' ஜெர்மன் மொழியில் இன்றும் உயிரோடு இருக்கிறது; பொருள் ஒழுகுவது, வழிவது. கால்களால் ஓடுவதற்கு ஜெர்மானியர் 'ரென்னென்' என்று அதன் உடன்பிறப்பை வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலம் இரண்டையும் ஒரே பானையில் போட்டுவிட்டது. ஆகவே மூக்கு 'ரன்' ஆகும்போது அது யாரையும் துரத்தவில்லை. ஒழுகுகிறது, அவ்வளவுதான். குழாய் 'ரன்' ஆனாலும், கண்ணீர் 'ரன்' ஆனாலும், அதிகமாகத் தொட்ட மை தாளில் கீழ்நோக்கி இறங்கினாலும் எல்லாம் இந்தத் தண்ணீர்க் குடும்பம். ஆங்கிலக் குழந்தைகளிடையே ஒரு பழைய வேடிக்கை உண்டு: மூக்கு ஓடுகிறது, கால் 'ஸ்மெல்' பண்ணுகிறது என்றால் உன்னைத் தலைகீழாகச் செய்துவிட்டார்கள் என்று பொருள். முகர வேண்டிய மூக்கு ஓடுகிறதாம், ஓட வேண்டிய கால் நாறுகிறதாம். இதைத் தமிழில் மொழிபெயர்க்கச் சொல்லி யாராவது பணம் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தண்ணீர்க் குடும்பத்தில் நான் ரசிக்கும் உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். பால்கட்டி செய்யப் பாலில் சேர்க்கும் பொருளுக்கு ஆங்கிலத்தில் 'ரென்னெட்' என்று பெயர். அதுவும் இந்த வேரிலிருந்து கிளைத்ததுதான். பால் திரிந்து ஒன்றாகச் சேர்ந்து ஓடுவதைப் பழைய ஆங்கிலேயர் அப்படிப் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனில் இரத்தம் உறைவதற்கும் பால் திரிவதற்கும் இன்றும் 'ரின்னென்' சேர்ந்த சொல்தான். ஓடுவதும் உறைவதும் ஒரே வேரில்! நம் உறைமோர்க் கிண்ணத்தைப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் சிற்றோடைக்கே 'ரன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வர்ஜீனியா மாநிலத்தில் 'புல் ரன்' என்று ஓர் ஓடை இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை 1861 ஜூலை 21 அன்று அதன் கரையில் நடந்தது. வடக்கர்கள் சண்டைகளுக்குப் பெரும்பாலும் அருகில் இருந்த நீர்நிலையின் பெயரை வைத்தார்கள். தெற்கர்கள் ஊரின் பெயரை வைத்தார்கள். அதனால் அதே சண்டைக்கு 'மனாசஸ்' என்றும் ஒரு பெயர் உண்டு. இதே 'புல் ரன்' பங்குச்சந்தைச் செய்தியில் வந்தால் விலைகள் தொடர்ந்து ஏறும் காலம். ஸ்பெயினின் பாம்ப்லோனா நகரில் ஜூலை மாதம் தெருவில் காளைகளை அவிழ்த்துவிட்டு, முன்னால் மனிதர்கள் ஓடுவதையும் ஆங்கிலேயர் இந்த இரு சொற்களை வைத்தே சொல்கிறார்கள். ஒன்று ஓடை, ஒன்று விலையேற்றம், ஒன்று உண்மையான காளை. போர் வரலாற்றில் வரும் புல் ரன்னை 'எருதோட்டம்' என்று எழுதியிருந்த ஒரு கையெழுத்துப் பிரதியை நானே திருத்தியிருக்கிறேன். எழுதியவரைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. மஞ்சுவிரட்டு நடக்கும் ஊர்க்காரர்.

அடுத்து இயந்திரம். நீராவி எஞ்சினும் நெசவாலைகளும் ரயிலும் வந்தபோது அவை செய்யும் வேலைக்கு ஒரு வினை தேவைப்பட்டது. ஆங்கிலம் புதுச் சொல் தேடவில்லை; கையில் இருந்த 'ரன்'னையே எடுத்துப் பூட்டியது. எஞ்சின் 'ரன்' ஆகிறது, ரயில் 'ரன்' ஆகிறது, பிறகு ஆலை, பிறகு நிறுவனம், நாடு, கடைசியில் கணினி நிரல். ஓயாமல், ஒரு தடத்தில், தானாகத் தொடர்ந்து நடப்பது எதுவாக இருந்தாலும் அது 'ரன்'. ஆற்றுக்கும் எஞ்சினுக்கும் இதுதான் பொது.

இங்கே தமிழரான நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நம்முடைய 'ஓடு' இந்த வேலையில் சற்றும் சளைத்ததில்லை. மோட்டார் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, கடை ஓடுகிறது, படம் ஓடுகிறது. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடியதைத் திரைப்படம் பற்றிப் பேசும் எவரும் சொல்வார்கள். பொழுது ஓடவில்லை, பதற்றத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, பரீட்சையில் மூளை ஓடவில்லை. உடலுக்குள் இரத்த ஓட்டம், கம்பிக்குள் மின்னோட்டம். வயிறு சரியில்லாததைத் தமிழ்நாட்டில் வயிற்றுப்போக்கு என்கிறோம். இலங்கையில் வயிற்றோட்டம் என்கிறார்கள். ஆங்கிலேயர் பேச்சில் 'த ரன்ஸ்' என்று சொல்வதும் அதுதான். யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. அவசரம் ஒன்றாக இருப்பதால் சொல்லும் ஒன்றாக இருக்கிறது.

அந்த மாணவியிடம் உங்கள் முதல் பதில் இதுவாக இருக்கலாம்: மோட்டார் எப்படி ஓடுகிறதோ, பொழுது எப்படி ஓடுகிறதோ, அப்படித்தான் அவர்கள் ஊரில் மூக்கும் ஓடுகிறது. நாம் மூக்கை மட்டும் ஒழுகவிட்டோம்.

ஆனால் இரு மொழிகளும் பிரிகிற இடங்கள் இருக்கின்றன. தவறு நேர்வதெல்லாம் அங்கேதான். முதல் பிரிவு இலக்கணத்தில். நமக்குத் தன்வினைக்கு 'ஓடு', பிறவினைக்கு 'ஓட்டு' என்று இரண்டு வடிவம். பஸ் ஓடுகிறது, டிரைவர் ஓட்டுகிறார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'ரன்'. 645இல் கணிசமான பங்கு இப்படி இரட்டிப்பானதுதான்: தண்ணீர் 'ரன்' ஆகிறது, குளிக்கத் தொட்டியில் தண்ணீரை நீங்கள் 'ரன்' செய்கிறீர்கள்; செய்தி 'ரன்' ஆகிறது, பத்திரிகை அதை 'ரன்' செய்கிறது. யார் ஓடுகிறார், யார் ஓட்டுகிறார் என்பதை வாக்கியத்தில் சொற்கள் நிற்கும் வரிசையை வைத்துத்தான் அறிய வேண்டும்.

இரண்டாவது பிரிவு எனக்குப் பிடித்தமானது. கடை ஓடுகிறது, சரி. முதலாளி என்ன செய்கிறார்? நடத்துகிறார். அவர்களுடைய முதலாளி கடையை ஓட்டுகிறார், நம்முடைய முதலாளி கடையை நடக்கவைக்கிறார். நிறுவனம், பள்ளிக்கூடம், குடும்பம் எல்லாம் நமக்கு நடத்துவதுதான். 'ஓட்டு' என்று சொன்னால் பொருள் இறங்கிவிடும். "எப்படியோ குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்" என்பதில் ஒரு பெருமூச்சு இருக்கிறது. கடையில் 'ஈ ஓட்டுகிறார்' என்றால் வியாபாரமே இல்லை. லத்தீன் மொழியில் ஓடுதலைக் குறிக்கும் 'குர்ரெரே' என்ற வினையிலிருந்து வந்ததுதான் 'கரண்ட்' என்ற சொல். அதை மின்சாரத்தில் நாம் 'ஓட்டம்' என்றே எடுத்துக்கொண்டோம். வங்கிக்குள் வந்ததும் 'நடப்புக் கணக்கு' ஆக்கிவிட்டோம். கம்பியில் ஓடுவது கவுன்டரில் நடக்கிறது.

மொழிபெயர்ப்பில் நான் பட்ட அடி ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் கோவைப் பக்கம் தண்ணீர்ப் பம்பு செய்யும் ஒரு பட்டறைக்குப் பயன்பாட்டுக் கையேடு மொழிபெயர்த்துக் கொடுத்தேன். எச்சரிக்கைப் பகுதியில் முதல் வரி, பம்பை ஒருபோதும் 'டிரை' ஆக 'ரன்' செய்யாதே என்பது. நான் எழுதியது: 'பம்பை உலர்ந்த நிலையில் ஓட்டாதீர்கள்.' மெய்ப்புத் தாளைப் படித்த ஃபோர்மேன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்படியென்றால் நனைத்துவிட்டு ஓட்ட வேண்டுமா, சார்? மழையில் வைத்து ஓட்டினால் நல்லதா?" என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். விவசாயி அப்படித்தான் புரிந்துகொள்வான் என்பது அவர் கவலை.

பிறகு என்னைச் சோதனைக் கூடத்துக்கு அழைத்துப்போனார். ஒரு பம்பைத் தொட்டியில் வைத்து ஓட்டினார். கனமான, நிறைந்த சத்தம். உறிஞ்சு குழாயின் வால்வை மூடினார். சில விநாடிகளில் அந்தச் சத்தம் மெலிந்து, கீச்சென்று உயர்ந்தது. மோட்டார் முன்னைவிடச் சுகமாகச் சுற்றுவதுபோலத்தான் தோன்றியது. உடனே நிறுத்திவிட்டு, கழற்றிப் போட்டிருந்த ஒரு பழைய 'சீல்' வளையத்தை என் கையில் கொடுத்தார். கருப்பான கார்பன் வளையம். விளிம்பு பிளந்து, ஒரு பக்கம் மெருகேறிக் கண்ணாடிபோல இருந்தது. உள்ளே அந்த வளையம் இன்னொரு வளையத்தின் மேல் உரசிக்கொண்டே சுற்றும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய நீர்ப்படலம்தான் எண்ணெயும் குளிர்விப்பானும். தண்ணீர் வராவிட்டால் சிறிது நேரத்தில் சூடேறி வெடித்துவிடும். "பம்புக்கு வெளியே ஈரமா காய்ச்சலா என்பது பிரச்சினை இல்லை, சார். உள்ளே தண்ணீர் ஏறுகிறதா இல்லையா, அதுதான்" என்றார். அன்று கையேட்டில் அச்சானது: 'தண்ணீர் ஏறாதபோது மோட்டாரை ஓட விடாதீர்கள்.' அந்த வரி முழுக்க அவருடையது. கூலி வாங்கியது மட்டும் நான்.

இதே 'டிரை ரன்' 2021 ஜனவரி 2 அன்று நாடு முழுவதும் செய்தியானது. கொரோனா தடுப்பூசி போடத் தொடங்குவதற்கு முன், ஊசிமருந்து இல்லாமல் பதிவு, காத்திருப்பு, கண்காணிப்பு என்று எல்லாக் கட்டங்களையும் நடத்திப் பார்த்தார்கள். தமிழ்ப் பத்திரிகைகள் 'தடுப்பூசி ஒத்திகை' என்று எழுதின. நாடக மேடையிலிருந்து வந்த சொல், அழகாகப் பொருந்தியது. பம்புக்காரருக்கு 'டிரை ரன்' ஆபத்து. சுகாதாரத் துறைக்கு 'டிரை ரன்' பாதுகாப்பு.

பத்திரிகை மேசையில் இந்தச் சொல் வைக்கும் கண்ணிகள் தனி ரகம். வங்கி மீது 'ரன்' என்று வந்தால், வைப்புப் பணம் போய்விடும் என்ற பயத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் எடுக்கப் பாய்வது. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கி வாசல்களில் மக்கள் வரிசையில் நின்றார்கள். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள். அங்கே வீதியில் யாரும் ஓடவில்லை. கைப்பேசியில் விரல்கள் ஓடின. இதை 'வங்கி ஓட்டம்' என்று எழுதினால் வங்கியே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிவிட்டதுபோல இருக்கிறது. சில வங்கிகள் விஷயத்தில் அதுவும் சரியாக இருக்கலாம் என்பது வேறு. 'பணத்தை எடுக்க முண்டியடித்தனர்' என்று வினையாக எழுதிவிடுவது என் வழக்கம்.

நீதிமன்றச் செய்தியில் இன்னொன்று. இரண்டு குற்றங்களுக்கான தண்டனைகள் ஒன்றாக 'ரன்' ஆகும் என்று ஆங்கிலத் தீர்ப்பு சொல்லும். அங்கே தண்டனைதான் எழுவாய். இரு ரயில்கள் பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் ஓடுவதுபோல இரண்டு தண்டனைகள் ஓடுகின்றன. நம் செய்தியாளர்கள் நெடுங்காலமாக எழுதிவருவது, 'தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்று. மனிதனை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். சிறைக்குள் காலம் ஓடுவதில்லை, ஒருவன் அதை அனுபவிக்கிறான். இந்தத் தொடரை முதலில் எழுதியவர் யாரோ, நல்ல மொழிபெயர்ப்பாளர்.

தேர்தலுக்கு வந்தால் ஆங்கிலேயருக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. அமெரிக்காவில் வேட்பாளர் பதவிக்கு 'ரன்' செய்கிறார். பிரிட்டனில் தேர்தலில் நிற்கிறார். நாமும் நிற்கிறவர்கள்தான். அதனால் 'அதிபர் பதவிக்கு ஓடுகிறார்' என்ற இயந்திர மொழிபெயர்ப்பைப் பார்க்கும்போது, பதவியைக் கண்டு தலைதெறிக்க ஓடுகிறாரோ என்று தோன்றுகிறது. 'ரன்னிங் மேட்' என்பதை 'ஓடும் துணை' என்று ஆக்கியதையும் பார்த்திருக்கிறேன். குதிரைப் பந்தயத்தில், ஒரே லாயத்தைச் சேர்ந்த முக்கியக் குதிரைக்கு வேகம் பிடித்துக்கொடுக்க உடன் ஓடும் குதிரையின் பெயர் அது. அங்கிருந்து அரசியலுக்குத் தாவியது. 2020 ஆகஸ்டில் ஜோ பைடன் கமலா ஹாரிஸை அப்படி அறிவித்தபோது, தாய்வழியில் தமிழ்நாட்டுக் கிராமமான துளசேந்திரபுரத்தோடு அவருக்கு இருந்த தொடர்பால் தமிழ்ப் பத்திரிகைகளில் அது முதல் பக்கச் செய்தி. 'துணை அதிபர் வேட்பாளர்' என்று எழுதினார்கள். குதிரை காணாமல் போனது. செய்தி தெளிவாக இருந்தது.

அப்படியானால் எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று கண்டுபிடிப்பது எப்படி? இதற்குப் புதிய முறை தேடி அலைய வேண்டியதில்லை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கத்தில், 'பலபொருள் ஒருசொல்' பற்றிய பேச்சு வருகிறது. அத்தகைய சொல்லின் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியும் என்பது அங்கே கிடைக்கும் வழி. உரைகாரர்கள் காட்டும் சொல் 'மா'. மா பூத்தது என்றால் மரம். மா ஓடியது என்றால் விலங்கு. மா வீழ்ந்தது என்றால் மரமும் விழும், விலங்கும் விழும். அப்போது பக்கத்தில் இருக்கும் மற்றச் சொற்களைப் பார்க்க வேண்டும். அங்கே பெயரை வினை தெளிவாக்குகிறது. 'ரன்' வினைச்சொல் என்பதால் நாம் அதைத் திருப்பிப் பிடிக்க வேண்டும்: ஓடுவது யார் அல்லது எது? ஓட்டப்படுவது எது? பக்கத்தில் துணைக்கு நிற்கும் சொல் எது? கட்டுரை எதைப் பற்றியது? நான்கையும் கேட்டுவிட்டால் 645இல் பெரும்பாலானவை தாமாகவே வழிவிடும்.

பலகையில் எழுதிக்காட்ட வேண்டுமானால், ஓடுகிறவர்களை வைத்துப் பிரித்துப் பாருங்கள். கால் உள்ளவை, நீர், இயந்திரம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டோம். நான்காவதாகக் கோடு. சாலை ஆற்றங்கரையோரமாக 'ரன்' ஆகிறது என்பார்கள். சாலை அசையவே இல்லை; பார்க்கிறவர் கண்தான் அதன் மேல் ஓடுகிறது. நமக்கும் உள்ளங்கையில் ரேகை ஓடுகிறது, கழுத்தில் நரம்பு ஓடுகிறது. சாலை மட்டும் 'செல்கிறது' அல்லது 'போகிறது'. அலமாரி செய்யும் ஆசாரியும் சுற்றுச்சுவர் கட்டும் மேஸ்திரியும் 'ரன்னிங் ஃபீட்டுக்கு இவ்வளவு' என்று விலை சொல்வது இந்தக் கோட்டுக் குடும்பம்தான்: அகலம், உயரம் கணக்கில் வராது, நீளவாக்கில் எத்தனை அடி ஓடுகிறதோ அதற்குக் காசு. ஐந்தாவது காலம். ஒப்பந்தம் மூன்று ஆண்டு 'ரன்' ஆகிறது, நாடகம் ஆறு மாதம் 'ரன்' ஆகிறது.

இதற்கு அப்பால் ஒரு வகை இருக்கிறது. அதில் 'ரன்'னுக்கு ஓட்டத்தின் வாசனையே இல்லை. பின்னால் ஒரு நிலையைக் குறிக்கும் சொல் வந்து, 'அப்படி ஆகிவிட்டது' என்று மட்டும் பொருள் தரும். ஆறு வற்றியது, கையிருப்பு குறைந்தது, உணர்ச்சி கொந்தளித்தது எல்லாவற்றிலும் அவர்கள் 'ரன்' போடுவார்கள். நாம் 'ஆகு' போடுவோம் அல்லது நேராக வினையைச் சொல்லிவிடுவோம். காய்ச்சல் அடிக்கிறது என்பதற்கும் அவர்களுக்கு 'ரன்' உண்டு. நமக்குக் காய்ச்சல் அடிக்கும், காயும், ஒருபோதும் ஓடாது.

ஒட்டுச்சொற்களை ஒரே நாளில் நடத்தாதீர்கள். 'ரன் இன்டு' என்றால் மோதுவது, எதிர்பாராமல் சந்திப்பது, செலவு கோடிகளை எட்டுவது மூன்றும் உண்டு. 'ரன் ஓவர்' என்றால் வண்டி ஏறுவது, பாத்திரம் வழிவது, கூட்டம் நேரம் தாண்டுவது, குறிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்வது. பட்டியலாகப் படித்தால் எதுவும் நிற்காது. கதையில் வரும்போது ஒன்றொன்றாகப் பிடித்துக்கொள்வதுதான் நடக்கிற காரியம்.

துணியில் சாயம் இறங்குவதும் 'ரன்'தான். இதில் நம் ஊருக்கு ஒரு பங்கு இருக்கிறது. கழுவக் கழுவச் சாயம் ஓடி ஒன்றோடொன்று கலக்கும் மெட்ராஸ் கட்டம்போட்ட துணி 1960களில் அமெரிக்காவில் பெரிய மோகமாக இருந்தது. சாயம் ஓடும் என்பதையே உத்தரவாதமாகப் போட்டு விளம்பரம் செய்தார்கள். வீட்டில் அம்மாக்கள் திட்டித் தனியாக ஊறவைக்கும் துணி!

பிள்ளைகள் எப்படியும் கிரிக்கெட்டைக் கேட்பார்கள். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் 'ரன்', இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் 'ஓட்டம்'. ஆடுகளத்தின் நீளம் 22 கெஜம், ஏறத்தாழ 20 மீட்டர். தொடக்கத்தில் ஒவ்வொரு முறை ஓடி முடித்ததும் கணக்கர் ஒரு குச்சியில் கத்தியால் வெட்டுக்குறி போடுவார். அதனால் பழைய நாளில் ரன்னுக்குப் பெயரே 'நாட்ச்', அதாவது வெட்டு. பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால் மட்டையாளர் நின்ற இடத்தில் நின்றபடி நான்கு ஓட்டம் பெறுகிறார். ஓடாமல் ஓட்டம் எடுக்க முடியும் என்பதை ஒப்புக்கொள்ளும் மாணவிக்கு, ஓடுகிற மூக்கை ஒப்புக்கொள்வது கடினமாக இருக்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம்முடைய கூரை ஓட்டையும் மண்டை ஓட்டையும் ஓடுகிற 'ஓடு'வோடு சேர்த்து எண்ணி, "தமிழிலும் எத்தனை பொருள் பாருங்கள்" என்று வகுப்பில் சொல்லிவிட வேண்டாம். அவை உருவத்தில் ஒத்துப்போன வேறு வேறு சொற்கள்; அகராதியில் தனித்தனித் தலைப்பில் இருக்கும். வாக்குச்சீட்டில் போடும் 'ஓட்டு' கடல்தாண்டி வந்தது. அதற்கும் வண்டி ஓட்டுவதற்கும் உறவே இல்லை. 'ரன்' அப்படி அல்ல. அதன் பொருள்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள். முகச்சாடையைத் தேடினால் கிடைக்கும்.

அடுத்த வகுப்பில் அந்த மாணவிக்கு ஒரு சோதனை வையுங்கள். பெரிய ரயில் நிலையங்களுக்குப் பக்கத்தில் 'ரன்னிங் ரூம்' என்று ஒரு கட்டடம் இருக்கும். உள்ளே போனால் ஒருவர்கூட ஓடிக்கொண்டிருக்க மாட்டார். விளக்கை அணைத்துவிட்டு, இரவெல்லாம் வண்டி ஓட்டிவந்த லோகோ பைலட்டுகள் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஓடும் ரயிலில் பணி செய்கிறவர்களுக்கு ரயில்வேயில் 'ரன்னிங் ஸ்டாஃப்' என்று பெயர். அவர்கள் அடுத்த வண்டிக்கு முன் இளைப்பாறும் அறை அது. அந்த விளக்கத்தைச் சொல்லாமல், பெயர்ப்பலகையை மட்டும் பலகையில் எழுதிவிட்டு, இங்கே ஓடுவது எது என்று கேளுங்கள்.